ஏழு மணிக்கு மின்சாரம் போகும்

முஃபுலிராவில்
காதுகேளாதோர் சபைக்கு மணி கிடையாது.
வாசலில் ஒரு சிவப்புத் துணி தொங்கும்,
அவ்வளவுதான் அழைப்பு.
அங்கே என் வேலை
போதகர் சிகாஸ்வே வாயால் சொல்வதை
விரலால் சொல்வது.
பதினோரு வருடம்.
கொஞ்சம் சம்பளம், கொஞ்சம் சோளமாவு.

அந்தச் செவ்வாய்க்கிழமை எனலெஸ் வந்தாள்.
சுரங்கக் கசடு மலை சரிந்து
அவள் மகன் மப்பாலோ உள்ளே போய்
ஒன்பது நாள்.
செம்புக்கல் பொறுக்கப் போனவன்.
தோண்டியவர்கள் ஒரு செருப்பைக் கொண்டுவந்தார்கள்.
அவனுடையதுதானா என்றதற்கு
ஒருமுறை ஆம் என்றாள்,
ஒருமுறை இல்லை என்றாள்.

போதகர் மேய்ப்பனும் புல்வெளியும் உள்ள பக்கத்தைத் திறந்தார்.
அவள் தாளைத் தள்ளிக்கொண்டே போனாள்.
நூற்றைம்பதில்
விடியாமலே முடிகிற ஒரு ஜெபம் இருக்கிறது.
அதில் விரலை வைத்தாள்.

போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.
கடைசியில் ஆறுதலாய் ஒரு வரி
நாமே சேர்த்துக்கொள்ளலாம் என்றார்.
அதையும் நான் சைகையில் சொல்லத் தொடங்கினேன்.
அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.
எங்கள் மொழியில்
அது வாயைப் பொத்துவது.

பிறகு வரி வரியாக.

குழி வந்தது.
மற்ற ஊரில் அது உவமை,
இங்கே விலாசம்.
அலைகள் வந்தன.
கடலைப் பார்க்காதவள்,
கசடு என்று செய் என்றாள்.
செய்தேன்.
செத்தவர்கள் எழுந்து துதிப்பார்களா என்று வந்தது.
புருவம் உயர்ந்தால்தான் அது கேள்வி.
என் புருவம் உயரவில்லை.
கட்டைவிரலால் அதை மேலே தள்ளினாள்.
இதற்குப் பதில் வர வேண்டும்.

முகத்தை மறைக்கிற வரியில்
நாங்கள் சண்டை போட்டோம்.
இத்தனை நாளும் அதைக்
கோபம் என்றே செய்துவந்திருக்கிறேன்,
புருவத்தைச் சுளித்து, உதட்டை இறுக்கி.
என்னை எழுப்பி நடுவில் நிறுத்தினாள்.
நீதான் அவர், திரும்பிக்கொள் என்றாள்.
திரும்பினேன்.
இப்போது நான் பேசுவது உனக்குக் கேட்காது,
இல்லையா?
சுற்றி வந்து என் முகத்துக்கு முன் நின்றாள்.
மறுபடி திரும்பு.
திரும்பினேன்.
மறுபடி வந்தாள்,
ஒரு பெஞ்சில் இடறி,
முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.
எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை.
மூச்சு வாங்கியது அவளுக்கு.

இதுதான் இந்த ஜெபம் என்றாள்.
வேறொன்றும் இல்லை இதில்.

மிச்சமிருந்தது கடைசி வார்த்தை.
இருள்.
அதற்கு இரண்டு உள்ளங்கைகளும்
முகத்துக்கு முன்னால் குறுக்கே இறங்க வேண்டும்.
என் கைகள் பாதி வழியில் இருந்தன.
மணி ஏழு.
மின்சாரம் போனது.

போதகர் இழுப்பறையைக் குடைவது கேட்டது.
நமுகோலோ, தீப்பெட்டி எங்கே?
இருட்டில் எங்கள் மொழிக்கு வாய் இல்லை.
விளக்கு வரும்வரை
அவரவர் அவரவராய் உட்கார்ந்திருப்போம்.
அப்படித்தான் வழக்கம்.

அப்போது,
சட்டையில் சட்டைக் கை உரசும் ஒலி.
உள்ளங்கை உள்ளங்கையில் பட்ட ஒலி.
நெஞ்சில் இரண்டு தட்டு.
விரல் நுனிகள் ஒன்றோடொன்று,
காய்ந்த சோளத்தாளில் காற்று போல.

அவள் முதல் வரியிலிருந்து
மறுபடி தொடங்கியிருந்தாள்.
பார்க்க ஒருவரும் இல்லையென்று
தெரியாதவள் அல்ல.
தன் ஜெபத்துக்குச் சத்தம் உண்டு என்பதுதான்
அவளுக்குத் தெரியாது.

போதகர் தீக்குச்சியைப்
பெட்டியில் வைத்தார்.

வேண்டாம் என்றேன்,
வாயால்.